பூச்சி மருந்துச் சட்டமும் நம் வீட்டு வாசலும்

மதுரை மாநகரின் மேல்புறத்தில், தேனி ரஸ்தாவும் புறவழி ரஸ்தாவும் கூடுமிடத்திற்குக் காளவாசல் என்று பெயர். பெயர் செங்கல் சூளையை நினைவூட்டுகிறது. இன்றோ சூளைக்குப் பதிலாகக் குடியிருப்புகளே கண்ணுக்குத் தெரிகின்றன. பொன்மேனி, சம்மட்டிபுரம், அரசரடி, கோச்சடை என்று நாற்புறமும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் மேற்கே துவரிமான் பக்கம் சற்றுத் தூரம் சென்றால் நெல் வயல்கள் இன்னும் உள்ளன. வயலும் வீடும் இவ்விதம் அருகருகே அமைந்த இடங்களில் ஒரு சங்கடம் உண்டு. வயலுக்கென்று செய்யப்பட்ட கடுமையான மருந்து, கரையானுக்காகவோ எலிக்காகவோ மூட்டைப் பூச்சிக்காகவோ வீட்டிற்குள் சுலபமாக வந்துவிடுகிறது. "கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள்" என்று தெரிந்தவரிடம் கேட்டு, பழைய பானப் புட்டியில் வாங்கி வந்து, சமையலறை மாடத்தில் வைத்துவிடும் வழக்கம் படித்தவர் வீடுகளிலும் காணப்படுகிறது.

இவ்விஷயத்தில் சட்டம் என்ன சொல்லுகிறது, எதுவரையில் சொல்லுகிறது, சட்டம் நின்றுவிடும் இடத்தில் குடித்தனக்காரர் செய்ய வேண்டியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழைய சட்டங்களைச் சற்று நோக்குவோம். சென்னை மாகாணத்தில் 1919-ம் வருஷத்திலேயே விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் ஒன்று செய்யப்பட்டது. அதன் கீழ்ப் பருத்திச் சாகுபடி செய்யும் ஜில்லாக்களில் பிறந்த கட்டளை மிகவும் எளியது. பறிப்பு முடிந்த பருத்திச் செடிகளைக் குறித்த தேதிக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்பதே அது. காய்ப்புழுவும் தண்டு வண்டும் அடுத்த பட்டம் வரையில் உயிரோடிருக்கத் தங்குமிடம் இல்லாமற் செய்வதே அதன் உட்கருத்து. ஒரு துளி விஷமும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில் செய்தாலொழிய அதனால் பயனில்லை. ஒருவர் செடியை நிறுத்தி வைத்தால் அவர் காடே ஊருக்கெல்லாம் புழுப் பண்ணையாகிவிடும். 1939-ம் வருஷத்திய பொதுஜன சுகாதாரச் சட்டமும் இதே வழியில் சென்றது. கொசு முட்டையிடும்படி தண்ணீரைத் தேக்கி வைத்தல் கூடாது என்றும், அதிகாரி சொன்னால் வீட்டுக்காரர் அதை அகற்ற வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. தமிழ்நாட்டில் இன்றும் அமலில் உள்ள சட்டம் அது. இவ்விரு சட்டங்களும் மனிதரின் வழக்கத்தைத் திருத்த முயன்றன. மருந்துப் புட்டியைப் பற்றிச் சொல்ல அவற்றுக்கு அதிகம் இருக்கவில்லை.

பின்னர் காலம் மாறிற்று. டி.டி.டி. வந்தது, அதன் பின்னால் பாரத்தியான் முதலிய பாஸ்பரஸ் வகை மருந்துகள் வந்தன. 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பண்டமும் விஷமும் சேர்ந்து பிரயாணம் செய்ததால் நேர்ந்த விபத்து அது. அதைப் பற்றிய விசாரணைகளின் பயனாகவே 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் ஏற்பட்டன. பூச்சிக்கொல்லி மருந்து எதுவும் உணவுப் பொருளையோ தீவனத்தையோ தொடும்படியாக ஏற்றிச் செல்வதும் சேமிப்பதும் கூடாது என்னும் விதியைப் படிக்கும்போது, அந்த மாவு மூட்டைகள் நம் நினைவுக்கு வர வேண்டும்.

இனி அந்த விதிகளில் குடியிருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லுவோம்.

மருந்து எதுவாயினும் மத்திய பதிவுக் கமிட்டியில் பதிவானதாக இருக்க வேண்டும். லேபிலில் சி.ஐ.ஆர். என்ற எழுத்துக்களுடன் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கும். கொசுவர்த்திக்கும் கரப்பான் தெளிப்புக்கும் இது பொருந்தும். மலிவாய்க் கிடைக்கும் சில கொசு ஊதுபத்திகளில் இந்த எண்ணே இராது. அவற்றில் என்ன கலந்திருக்கிறதென்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. பூச்சி மருந்துக் கடைக்காரர் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அதைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கிடங்கும் இதற்கு விலக்கல்ல. கட்டப்படாமலும் லேபில் ஒட்டப்படாமலும் மருந்தை விற்பது குற்றம். ஆகவே மேலே சொன்ன "கொஞ்சம் ஊற்றிக் கொடுங்கள்" என்னும் வேண்டுகோளுக்கு எந்தக் கடைக்காரர் இணங்கினாலும் அவர் சட்டத்தை மீறியவராவார்.

லேபிலில் சாய்சதுரமாக ஒரு சின்னம் இருக்கும். அதன் கீழ்ப் பாதியின் நிறமே விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அதன் மேற்பாதியில் மண்டையோடும் எலும்பும் வரைந்திருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரமானது. பச்சை குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்ளும்பொருட்டே இவ்வேற்பாடு செய்யப்பட்டது. பச்சை நிறத்தை மாத்திரம் சிலர் தவறாகப் பொருள் கொள்ளுகிறார்கள். ரயில்வே கைகாட்டியைப் போல "போகலாம்" என்பது அதன் பொருளல்ல. மற்ற மூன்றைவிட விஷம் குறைவு என்பதே பொருள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரம் பிரதேச பாஷையிலும் அச்சிடப்பட வேண்டுமென்பது விதி. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், உடம்பில் பட்டால் முதற் சிகிச்சை என்ன, மாற்று மருந்து உண்டா என்பன அதில் இருக்கும். பெரும்பாலும் அது பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது.

கூலிக்குப் பூச்சி ஒழிப்பு வேலை செய்வோரும் லைசென்ஸ் பெற வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு போன்ற புகை மருந்தைச் சாதாரண ஜனங்களுக்கு விற்கவே கூடாது. சர்க்கார் ஸ்தாபனங்களுக்கும், அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்போருக்கும் மட்டுமே அது உரியது. காற்றிலுள்ள ஈரம் பட்டவுடனே அது பாஸ்பீன் என்னும் விஷ வாயுவை வெளியிடும்.

இவ்வளவும் கடை வரையிலும் கம்பெனி வரையிலும் உள்ள சட்டம். இதற்குப் பின் வருவதுதான் முக்கியமானது. அதே 1968-ம் வருஷத்துச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஒருவர் தம் சொந்த வீட்டு உபயோகத்திற்காகவோ, தம் வீட்டுக் காய்கறித் தோட்டத்திலோ, தாம் பயிரிடும் நிலத்திலோ பூச்சிக்கொல்லியை உபயோகிப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று கூறுகிறது. அதாவது சட்டம் கம்பெனியிலிருந்து புறப்பட்டு, கிடங்கு, லாரி, கடை யாவற்றையும் கடந்து, நம் வீட்டு வாசற்படி வரையில் வந்து அங்கே நின்றுவிடுகிறது. உள்ளே நுழைவதில்லை. பூச்சிக்கொல்லி இன்ஸ்பெக்டர் கடையின் இருப்பைச் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம், விற்பனையை நிறுத்தி வைக்கலாம். நம் சமையலறை மாடத்தை அவர் திறந்து பார்க்க மாட்டார். ஒவ்வொரு குடித்தனக்காரரையும் தண்டிக்கப் புகுந்தால் சட்டம் நடவாது என்பது உண்மையே. ஆதலால் இவ்விலக்கைக் குறையென்று நாம் கருதவில்லை. ஆனால் இதன் விளைவைத் தெளிவாக உணர வேண்டும். வாசற்படிக்கு உட்புறத்தில் இன்ஸ்பெக்டர் வேலையைச் செய்ய வேண்டியவர் வீட்டுக்காரரும் வீட்டுக்காரியுமே ஆவர்.

அந்த வேலை நடவாவிட்டால் நேர்வது என்ன என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லுவோம். 2013 ஜூலையில் பீஹார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மத்தியானச் சாப்பாடு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோடோபாஸ் என்னும் வயல் மருந்து கலந்திருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. அக்குழந்தைகளின் மேல் யாருக்கும் பகையில்லை. உணவுப் பண்டம் இருக்க வேண்டிய இடத்தில் விஷம் புகுந்துவிட்டது, அவ்வளவே. 1958-ல் மாவு மூட்டையில் நடந்ததே 55 வருஷங்களுக்குப் பின் எண்ணெய்ப் பாத்திரத்திலும் நடந்தது. இரண்டாவது சம்பவம் நம் ராஜ்யத்தில், சென்னைக்கு அடுத்த குன்றத்தூரில், 2024 நவம்பரில் நேர்ந்தது. எலித் தொல்லைக்காகக் கூலிக்கு ஆள் வைத்து வீட்டில் மருந்து வைக்கப்பட்டது. அன்றிரவு குளிர்சாதனக் கருவியை ஓட்டி அறையை மூடிக்கொண்டு குடும்பத்தார் உறங்கினர். மருந்திலிருந்து எழுந்த நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் இறந்தன. பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். வேலை செய்ய வருபவர் எந்த மருந்தை வைக்கிறார், அதன் பெயர் என்ன, சி.ஐ.ஆர். எண் என்ன, எத்தனை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் வாங்காமல் எவரையும் வீட்டிற்குள் விடலாகாது. பதில் சொல்லத் தயங்குகிறவரைத் திருப்பி அனுப்புவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆகவே வீட்டிற்குள் நாமே விதித்துக்கொள்ள வேண்டிய முதல் விதி, மருந்தை அது வந்த புட்டியிலிருந்து வேறு பாத்திரத்திற்கு மாற்றலாகாது என்பது. லேபில் போன மருந்துக்கு நிறமுமில்லை, எண்ணுமில்லை, தேதியுமில்லை. டாக்டர் கேட்டால் சொல்லப் பெயருமில்லை. வயல் வேலை செய்யும் குடும்பமாயின் மருந்துப் பெட்டியைச் சாமான் அறையிலும் வைக்கலாகாது. வெளியே பூட்டுள்ள தனிப் பெட்டியில் வைப்பதே உத்தமம். காலிப் புட்டிகளைப் பற்றி விதிகள் கூறுவது, அவற்றை மறுபடி உபயோகிக்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்பது. இது மருந்து தயாரிப்போரையும் தொழிலாகத் தெளிப்போரையும் நோக்கி எழுதப்பட்டது. காளவாசலில் குடியிருப்புக்கு அப்பால் என்று ஓர் இடமே இல்லை! நகரத்தில் வசிப்போர் மூன்று முறை அலசி, அடியில் துளையிட்டு, மற்றக் குப்பையோடு கலவாமல் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியே கொடுக்க வேண்டும். 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் பூச்சி மருந்து டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே தனியாக வகைப்படுத்தின. அலசிய நீரைச் சாக்கடையில் விடாமல் தெளிப்பு நீரோடு சேர்த்துத் தெளித்துவிடுவது முறை.

எவரேனும் மருந்தை அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்தல், புளியைக் கரைத்துக் கொடுத்தல், உப்பு நீர் புகட்டுதல் இவை யாவும் வேண்டாம். தோலில் பட்டிருந்தால் ஆடையைக் களைந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுக. 108-க்குத் தகவல் கொடுத்து, மதுரையாயின் ராஜாஜி பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்லுக. புட்டியையோ லேபிலையோ கையோடு எடுத்துச் செல்ல மறவாதிருப்பது அவசியம். பாஸ்பரஸ் வகை மருந்துக்கு அட்ரோபின் என்னும் முறிவு உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கும், பாராக்வாட் என்னும் களைக்கொல்லிக்கும் முறிவே கிடையாது. எலிப்பசையை உண்டவர் முதலிரண்டு நாள் நன்றாகவே இருப்பது போல் தோன்றி, பின்னர் ஈரல் கெட்டு இறப்பதுண்டு. "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது பெரும் பிழை.

தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய புட்டிகள் பல வீடுகளில் இன்னும் தூங்குகின்றன. டி.டி.டி. 1989-ல் விவசாய உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தியது. மூட்டைப் பூச்சிக்கென்று வீடுகளில் வெகுவாக உபயோகப்பட்டு வந்த டைகுளோர்வாஸ், வயலில் தூவப்பட்டு வந்த போரேட் முதலியவை 2018-ம் வருஷத்து ஆணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் அடியோடு நிறுத்தப்பட்டன. மானோகுரோடோபாஸைக் காய்கறிகளில் தெளிக்கலாகாதென்று 2005-லேயே உத்தரவு பிறந்தது; 2023-ல் மத்திய சர்க்கார் அந்தத் திரவ மருந்தையே தடை செய்தது. அதே வருஷ ஆரம்பத்தில் தமிழ்நாட்டு வேளாண்மை இலாகா, தற்கொலைகளைக் குறைக்கும்பொருட்டு, மானோகுரோடோபாஸ், புரபினோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்கு விலக்கியது. 60 நாள் என்ற கணக்கு 27-வது பிரிவிலிருந்து வந்தது; மாகாண சர்க்கார் அச்சட்டப்படி தற்காலிகமாகவே தடுக்க முடியும், நிரந்தரமாய் நிறுத்தும் அதிகாரம் மத்திய சர்க்காருடையது.

தற்கொலைக்கும் மருந்து விற்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் நம் அண்டை நாடாகிய இலங்கையைப் பார்க்கலாம். அங்கே 1995-ல் லட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தற்கொலை செய்துகொண்டனர். மிகக் கொடிய வகை மருந்துகள் 1995-லும், எண்டோசல்பான் 1998-லும் நிறுத்தப்பட்ட பின், பத்து வருஷங்களில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. மனவருத்தம் மிகுந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள் எது என்பதே உயிரைத் தீர்மானித்துவிடுகிறது. அந்த நாழிகை கடந்தபின் மனம் தெளிகிறவர் பலர். பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டிலும், கடன் தொல்லை உள்ள வீட்டிலும் பூச்சி மருந்தும் எலிப்பசையும் இல்லாதிருப்பதே நல்லது. கடன் சங்கங்களின் வேலையாகக் குடும்பங்களின் கஷ்டங்களைக் கேட்டறியும் கூட்டுறவு இலாகாவினர் இதனை மற்றெவரையும்விட நன்கு அறிவர்.

இனி, விஷம் வேண்டாமென்றால் வேறு என்ன செய்வது? "வேம்பு இருக்கிறதே" என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. வேம்பு இருக்கிறது, ஆனால் அதன் கணக்குத் தெரியாமல் உபயோகிப்பவர் ஒரு முறை தெளித்துப் பார்த்துவிட்டு, "பலனில்லை" என்று மறுபடி கடைக்கே போய்விடுகிறார். கணக்கைச் சொல்லுகிறோம். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் சத்தே புழுவைத் தின்னவொட்டாமலும், தோலுரித்து வளரவொட்டாமலும் செய்கிறது. (பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்த அதே 1968-ல்தான் பிரிட்டனில் இச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.) இது தொட்டவுடன் கொல்லும் மருந்தன்று. தெளித்த மறுநாள் புழு உயிரோடிருக்கக் கண்டு மனம் தளர வேண்டாம். அது தின்பதை நிறுத்திவிட்டதா என்று இலையைப் பார்க்க வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் பழங்களைச் சேகரித்து, சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைக்கவும். வெயிலில் காய வைத்தால் சத்து கெடும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சேகரித்த மூன்று மாதத்திற்கு முன்னும் எட்டு மாதத்திற்குப் பின்னும் சத்துக் குறைவாயிருக்கும் என்பது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கணிப்பு. ஆகையால் ஆடிக் கொட்டையை ஐப்பசி முதல் பங்குனி வரையில் உபயோகிப்பதே முறை. பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, 100 லிட்டர் தெளிப்பு நீருக்கு 5 கிலோ பருப்பு. வீட்டுத் தோட்டத்திற்கு இதைச் சுருக்கினால் லிட்டருக்கு 50 கிராம் ஆகிறது. மேலோட்டை நீக்கி, பருப்பை எண்ணெய் கக்காதபடி இலேசாக இடித்து, சிறிது நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, காலையில் மரக்கோலால் பால் போல் வெளுக்கும் வரை கலக்கி, இரட்டை மடிப்பு மல்துணியில் வடிகட்டி, மீதி நீரைச் சேர்க்கவும். இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது சோப்புக் கரைசல் கலக்க வேண்டும். அன்றைய கரைசலை அன்றே, மாலை மூன்றரை மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். உச்சி வெயில் அச்சத்தை அழித்துவிடும் என்பதே காரணம். இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் பாதி வேலை வீண். கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, மொட்டை மாடியிலுள்ள மல்லிகைத் தொட்டி இவற்றுக்கெல்லாம் இது போதும். கத்தரியில் காய் துளைக்கும் புழு உள்ளே புகுந்துவிட்டபின் எந்தக் கரைசலும் அதைத் தொடாது. வாடிய நுனித் தண்டுகளையும் ஓட்டை விழுந்த காய்களையும் கிள்ளி அழிப்பதே வழி.

வேம்பைப் பற்றி மதுரைக்கே உரிய ஓர் அனுபவமும் உண்டு. 1985-ல் இந்நகரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைத்தனர். மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நெல் வயலில் வளருவதால், அந்நிலையத்தார் 1990-ஆம் ஆண்டுகளில் வயலில் வேப்பம் பிண்ணாக்குப் பூசிய யூரியாவை இட்டும், விடாது நீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டும் சோதித்தனர். கொசுப் புழுக்கள் குறைந்தன. வேம்பு பூசிய யூரியாவை 2015-ல் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. அது உரச் சேதத்தைக் குறைக்கும்பொருட்டே என்றாலும், வேம்பின் பயன் ஒன்றோடு நிற்பதில்லை என்பதற்கு அது சாட்சி. வீட்டைச் சுற்றியுள்ள கொசுவுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. டெங்குக் கொசு பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. நீரை மட்டும் கொட்டினால் முட்டை அப்படியே இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி உலர்த்தினால் புழு கொசுவாக மாறுவதற்கே அவகாசம் இராது. தெருவில் புகை அடித்தால் பறக்கும் கொசு மாத்திரமே சாகும். தொட்டியிலுள்ள புழு மறுநாள் எழுந்து வரும். 1939-ம் வருஷத்துச் சட்டம் தேங்கிய தண்ணீரைக் குறி வைத்தது சரியே.

பயற்றில் வண்டு விழாதிருக்க, முழுப் பயறு கிலோவுக்கு 10 மில்லி லிட்டர் சமையல் எண்ணெயைப் பிசறி வைத்தால் முட்டை பொரிக்காது. துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தும் வழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததே. அரிசியில் வயல் மருந்து மாத்திரையைப் போட்டு வைக்கும் வழக்கத்தைச் சில இடங்களில் கேள்விப்படுகிறோம். அது மேற்சொன்ன பாஸ்பீன் வாயு மாத்திரையாக இருக்குமாயின், உறங்கும் அறையில் எமனைப் படுக்க வைத்ததற்குச் சமானம். எலிக்குப் பொறியும், தஞ்சாவூர்க் கிட்டியும், சாக்கடை வாயில் கம்பி வலையும், இரவில் மிச்சச் சோற்றை மூடி வைப்பதும் போதுமானவை. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் எலி வளையைத் தோண்டிப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்களே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை 1978-ல் அமைத்து, முறிமருந்துக்கான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுத்து வருகிறார்கள்.

மருந்தினால் முடியாததைப் பூச்சியே செய்து முடித்ததும் உண்டு. 2008-ல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இரண்டு வருஷங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி யாவற்றையும் வெண்மாவு பூசினாற்போல் மூடிவிட்டது. மெழுகுப் போர்வையின் கீழ் இருக்கும் அதன்மேல் மருந்து ஏறவில்லை. விவசாயிகள் வாரந்தோறும் தெளித்துப் பணத்தை இழந்தனர். 2010-ல் போர்டோ ரிகோ தீவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவி வரவழைக்கப்பட்டு, வளர்த்து விடப்பட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அக்குளவியை விட்ட தோட்டத்தில் மருந்து தெளிக்க வேண்டாமென்று அதிகாரிகள் மன்றாட வேண்டியிருந்தது. தெளித்தால் முதலில் சாவது குளவிதான். வீட்டுத் தோட்டத்திலும் பொறிவண்டும் சிலந்தியும் நமக்குக் கூலியில்லாமல் உழைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இயற்கையானது யாவும் தீங்கற்றது என்று எண்ணலாகாது. புகையிலைக் கஷாயத்திலுள்ள நிக்கோட்டின் கொடிய விஷம். அதைத் தெளித்த கீரையை உண்ணலாகாது. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு வைத்தியர்கள் 1981-லேயே எழுதியிருக்கின்றனர். தெளிக்கும் பொருளைக் குழந்தைக்குப் புகட்டுவது எக்காலத்திலும் வேண்டாம். அன்றியும், ஒரே நாளில் யாவற்றையும் மாற்றிவிட முயல்வதும் அபாயமே. இலங்கையில் 2021-ம் வருஷ மத்தியில் ரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென்று நிறுத்தினார்கள். மாற்று முறையைக் கற்பதற்கு விவசாயிகளுக்கு அவகாசமும் இல்லை, பொருளும் இல்லை. நெல்லும் தேயிலையும் குறைந்தன. அவ்வருஷ நவம்பரிலேயே தடையை நீக்க நேர்ந்தது. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வெற்றி கண்ட அதே தேசம், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தித் தோல்வி கண்டது. தமிழ்நாட்டு சர்க்கார் 2023 மார்ச்சில் வெளியிட்ட அங்ககச் வேளாண்மைக் கொள்கையை நடத்துவோர் இதை மனத்தில் வைத்திருப்பது நலம்.

காளவாசல் வட்டாரத் தெருக்களில் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேப்பங்கொட்டை இடிப்பதும் வடிப்பதும் தனி வீட்டுக்குச் சலிப்பான வேலை. பத்து வீடு சேர்ந்தால் ஒரு முற்பகல் வேலை. தெருவுக்குப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோ, ஏற்கனவே உள்ள மகளிர் சுய உதவிக் குழுவோ இதை ஏற்கலாம். ஆடியில் பிள்ளைகளைக் கொண்டு பழம் பொறுக்கச் செய்து, கொட்டையை ஒருவர் வீட்டு நிழலில் உலர்த்தி, சாக்கின்மேல் சேகரித்த மாதத்தை எழுதி வைக்க வேண்டும். உரல் ஒரு வீட்டிலும், கைத்தெளிப்பான் இரண்டு பொதுவிலும் போதும். செலவைக் கணக்கு நோட்டில் எழுதி மாதம் ஒரு முறை பங்கிட்டுக்கொள்ளலாம். கரைசல் தயாராகும் நாளை முன்னதாகச் சொல்லிவிட்டால், அவரவர் தம் பாத்திரத்தோடு மாலை மூன்று மணிக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். பாத்திரத்தின்மேல் "தெளிப்பதற்கு மட்டும்" என்று தமிழில் எழுதி ஒட்டாதவருக்குக் கொடுக்கலாகாது.